மீளும் வழிக்கு முதல் பங்கு

 

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வழிக்கு வேண்டிய பொருளைத் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது திருமறையின் இரண்டாம் அத்தியாயமாகிய ‘அல்பகரா’வில் வரும் கட்டளைகளுள் ஒன்று. அது அருளப்பெற்ற பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். யமன் நாட்டவர் சிலர் கையில் ஒன்றும் இல்லாமலே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு விடுவார்களாம். தாங்கள் இறைவனையே சார்ந்திருப்பவர்கள் என்று அதற்குக் காரணமும் கூறுவார்களாம். ஆனால் வந்து சேர்ந்த பின்னர் பிறரிடம் கையேந்தி நிற்பார்களாம். இறைவனைச் சார்ந்திருத்தல் வேறு, ஆயத்தமின்றிப் புறப்படுதல் வேறு என்பதை அக்கட்டளை அவர்களுக்குப் புரிய வைத்தது.

அதே அத்தியாயத்தில்தான் திருமறையின் மிக நீண்ட வசனமும் இடம்பெற்றுள்ளது. அது பேசுவது கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்தல் பற்றியே. பயணத்திற்கு ஆயத்தம் செய்வதும், கடனை எழுதி வைப்பதும் உலகியல் விவகாரங்கள்தாமே என்று ஒதுக்கிவிடாமல் இத்துணை இடம் அளித்திருப்பது நம் சிந்தனைக்குரியது.

இவற்றை இம்மாதம் நினைவூட்டக் காரணம், எங்கள் கலசப்பாக்கம் வட்டாரத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் மடல். அவர் கணவர் சவூதி அரேபியாவில் பணிபுரிகிறார். மாதச் சம்பளம் 4,500 ரியால். மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பதினொரு மாதம் தம்முடன் வந்து தங்குமாறு கணவர் விரும்புகிறார். ஊரில் மாமனாரும் மாமியாரும் இருக்கின்றனர். மாமனாருக்கு நீரிழிவு. மாதந்தோறும் மருந்து வாங்கியாக வேண்டும். பயணச்சீட்டு வாங்கக் கையில் பணம் இல்லாமையால் சகோதரியின் நகைகளை அடகு வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. “போகலாமா, கூடாதா? போவதாயின் எவ்வளவு பணம் வேண்டும்?” என்பது அவர் வினா.

கணவனும் மனைவியும் ஒரு கூரையின்கீழ் வாழ விரும்புவதும், பிள்ளைகள் தந்தையின் முகம் பார்த்து வளர வேண்டும் என்று எண்ணுவதும் நியாயமான விருப்பங்கள். அவற்றை யாரும் குறை கூற முடியாது. ஆனால் இத்தகைய மடல்கள் பலவற்றில் ஒரு குறை பொதுவாகக் காணப்படுகிறது. போகும் செலவு கணக்கிடப்பட்டிருக்கும். தங்கும் செலவு ஓரளவு ஊகிக்கப்பட்டிருக்கும். திரும்பும் செலவும், ஊரில் இருப்போரின் செலவும் மட்டும் ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடப்பட்டிருக்கும்.

சட்ட அறிஞர்கள் வகுத்த கணக்கு

ஹஜ் கடமையாவதற்குரிய வசதி எது என்பதை ஃபிக்ஹு நூல்கள் விளக்கும் முறையைக் கவனியுங்கள். போவதற்குப் பணம் இருந்தால் போதும் என்று அவை கூறவில்லை. கடன்கள் போக, போய் வருவதற்குரிய செலவும், பயணி திரும்பி வரும்வரை அவர் பொறுப்பில் உள்ளோர் உண்டு உடுத்து வாழ்வதற்குரிய செலவும் சேர்ந்து இருந்தால்தான் அவர் வசதி பெற்றவர். ஒரு மாபெரும் கடமைக்கே இதுதான் அளவுகோல் என்றால், நாம் விரும்பி மேற்கொள்ளும் பயணத்திற்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் எங்ஙனம் பொருந்தும்?

ஸகாத் பெறத் தகுதியுடையோர் எண்மர். அவர்களுள் எட்டாமவர் வழிப்போக்கர். சொந்த ஊரில் செல்வராக இருப்பவரும் வழியில் பொருளின்றித் தவித்தால் இவ்வகையில் அடங்குவார். ஊரில் நிலமும் வீடும் இருப்பது வேறு, தேவைப்படும் வேளையில் கையில் பணம் இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது. பயணம் செல்வந்தரையும் ஏழையாக்கிவிடக் கூடும்.

மூன்று பாடங்கள்

வளைகுடா நாடுகளில் குடும்பத்துடன் வாழ்ந்தோருக்குக் கடந்த சில பத்தாண்டுகளில் மூன்று பெரும் சோதனைகள் வந்தன.

முதலாவது, 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தின்மீது படையெடுத்தது. நன்றாக வாழ்ந்த குடும்பங்கள் ஓரிரவில் நிலைகுலைந்தன. குவைத் தினார் ஈராக் தினாருக்குச் சமம் என்று ஆக்கிரமிப்பாளர் அறிவித்ததும், கையிலிருந்த பணம் மதிப்பிழந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஜோர்தானின் தலைநகர் அம்மான் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டு வரப்பட்டனர். சேமிப்பு அனைத்தையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் மாற்றுடையுடன் வந்திறங்கினர். ஒரு பகுதியையேனும் ஊரில் வைத்திருந்தவர்களுக்கு மறுவாழ்வு தொடங்க ஒரு பிடி இருந்தது.

இரண்டாவது சோதனை ஓசையின்றி வந்தது. சவூதி அரேபிய அரசு, வெளிநாட்டுத் தொழிலாளரைச் சார்ந்து அங்கே வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலை முதல் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் 100 ரியால் உயர்ந்து, 2020 ஜூலையில் அது 400 ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒருவர் முதலாண்டில் 4,800 ரியால் கட்டியிருப்பார். உச்ச அளவில் அதுவே ஆண்டுக்கு 19,200 ரியால். விற்பனை மீதான வரியும் 2018 ஜனவரியில் நூற்றுக்கு 5 என்று தொடங்கி, 2020 ஜூலையில் நூற்றுக்கு 15 ஆயிற்று. இந்தியக் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டணம் ஆண்டுதோறும் ஏறும் என்ற செய்தி 2016 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. திரும்பும் செலவை முன்னரே ஒதுக்கி வைத்திருந்தவர் பள்ளி ஆண்டு முடியும் வேளை பார்த்து அமைதியாகப் புறப்பட முடிந்தது. ஒதுக்காதவருக்கோ கட்டணமும் பயணச்சீட்டும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்தன.

மூன்றாவது, 2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயின் காரணமாக நம் நாட்டிற்கு வரும் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 7 அன்று மீட்பு விமானங்கள் தொடங்கியபோதும், பயணிகள் கட்டணம் செலுத்தியே வர வேண்டியிருந்தது. மூன்று மாதத்திற்கென்று போனவர்களும் நெடுநாள் தங்க நேர்ந்தது. வருமானம் நின்று, வாடகை மட்டும் நிற்காத காலம் அது.

போர், சட்டம், நோய் என்று காரணங்கள் வெவ்வேறு. ஆனால் மூன்றும் கேட்ட கேள்வி ஒன்றே: ‘இன்று புறப்பட்டால் வீடு சேர்வதற்கு உம்மிடம் பணம் உண்டா?’

நான்கு பைகள்

நம் பாட்டன்மார் கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில் ஒரு வியப்பான ஏற்பாடு இருந்தது. 1959 ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ஹஜ் பயணிகளுக்கெனத் தனியாகப் பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. அந்நோட்டுகள் இந்தியாவுக்குள் செல்லா. அரசின் நோக்கம் வேறாயினும், பயணப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்னும் பிரிவினை தாளிலேயே அமைந்திருந்தது. இன்று அத்தகைய நோட்டுகள் இல்லை. 1995க்குப் பின் மும்பையிலிருந்து ஹஜ் கப்பலும் இல்லை. ஆதலால் அப்பிரிவினையை நாமே செய்துகொள்ள வேண்டும். பயணத்திற்குரிய பணத்தை நான்கு பைகளாகப் பிரியுங்கள்.

முதற்பை, மீளும் பை. குடும்பத்தினர் அனைவரும் திரும்பி வருவதற்குரிய பயணச்சீட்டு, விமான நிலையத்திலிருந்து வீடு வரை வண்டி வாடகை, வந்தபின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு, பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்கும் செலவு ஆகியவை இதில் அடங்கும். இதனை ஊரிலுள்ள வங்கியில், மனைவியும் எடுக்கத்தக்க கணக்கில் வைத்துவிட வேண்டும். எங்கள் செய்யாற்றுப் படுகையின் உழவர் எத்துணைப் பஞ்சத்திலும் விதை நெல்லில் கை வைக்கமாட்டார். மீளும் பை பயணியின் விதை நெல்.

இதில் பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை இல்லாமல், பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கே பெரும்பாலான விமான நிறுவனங்கள் சீட்டுத் தருகின்றன. ஆனால் போகும்போது இருபது மாதக் குழந்தை, பதினொரு மாதம் கழித்துத் திரும்பும்போது இரண்டு வயதைக் கடந்திருக்கும். அப்போது தனி இருக்கைக்குரிய கட்டணம் செலுத்த வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பும் பிள்ளைக்குத் திரும்பும் சீட்டு பெரியவர் கணக்கில் வரும். போகும் சீட்டின் தொகையையே இரட்டித்துக் கணக்கிடுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

இரண்டாம் பை, இல்லத்துப் பை. ஊரில் தங்கும் பெற்றோரின் உணவு, மருந்து, மின்கட்டணம், வீட்டுவரி, முன்பே பட்ட கடனின் தவணை ஆகியவை இதற்குரியன. குடும்பம் கணவரிடம் சென்றதும் ஊருக்கு அனுப்பும் பணம் குறைவது பல இல்லங்களில் நடப்பதே. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வாடகைக்கும் பால் மாவுக்கும் கொடுத்தது போக மீதியை அனுப்புவோம் என்று எண்ணுகின்றனர், மீதி இருப்பதில்லை. முதியவர் வாய் திறந்து கேட்கவும் மாட்டார். மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கிச் சமாளிப்பார். ஆகவே சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் பிரிய வேண்டியது இத்தொகை.

மூன்றாம் பை, நிலைச் செலவு. வாடகை, அரசுக் கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு, பள்ளிக் கட்டணம் ஆகியவை இதில் வரும். வளைகுடாவில் வாடகையை ஆறு மாதத்திற்கோ ஓராண்டிற்கோ முன்பணமாகக் கேட்பது வழக்கம். இவை ஒரே நாளில் வந்து நிற்பதால், ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் எடுத்து வைக்க வேண்டும்.

நான்காம் பை, அன்றாடச் செலவு. உணவு, போக்குவரத்து, தொலைபேசி, விருந்தினர், அன்பளிப்பு ஆகியவை. சவூதியில் தங்குவோர்க்கு உம்ராவும் மதீனா ஜியாரத்தும் இயல்பாக உள்ளத்தில் எழும் ஆவல்கள். அவற்றுக்குரிய தொகையையும் இப்பையில் முன்னரே குறித்துக்கொள்ளுங்கள். மற்றப் பைகளிலிருந்து எடுத்துச் செல்லாதீர்கள். முதல் மாதம் படுக்கை, பாத்திரம், அடுப்பு என்று செலவு இரட்டிக்கும். கடைசி மாதம் ஊருக்கு வாங்கும் பொருள்களால் மீண்டும் ஏறும். ஏனைய மாதங்களை வைத்து இவ்விரு மாதங்களை அளக்கக் கூடாது.

ரியாலும் ரூபாயும்

நாணய மாற்று விஷயத்திலும் ஒரு மயக்கம் உண்டு. ரியாலின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.75 என்று 1986 முதல் கட்டப்பட்டுள்ளது. ஆதலால் டாலர் 75 ரூபாயாக இருந்தால் ஒரு ரியால் 20 ரூபாய். டாலர் 90 ரூபாயானால் ரியால் 24 ரூபாய். குடும்பம் ஊரில் இருக்கையில் கணவர் 1,500 ரியால் அனுப்பினால், முன்னது 30,000 ரூபாய், பின்னது 36,000 ரூபாய். சம்பளம் உயராமலே வீட்டிற்கு 6,000 ரூபாய் கூடுகிறது. ஆனால் குடும்பம் அங்கே சென்றுவிட்டால் அரிசி, பால், வாடகை யாவும் ரியாலில் அமைந்துவிடும். அந்த இலாபம் அவர்களுக்குக் கிட்டாது. ‘ரியால் ஏறியிருக்கிறது, இதுதான் போக நல்ல சமயம்’ என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அங்கே சென்றபின் ஒவ்வொரு ரொட்டியின் விலையையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து உண்ணத் தயங்கவும் வேண்டாம். ரூபாயை அடியோடு மறக்கவும் வேண்டாம். மூன்றாம், நான்காம் பைகளை ரியாலில் எழுதுங்கள். முதல், இரண்டாம் பைகளை ரூபாயில் எழுதுங்கள். குழப்பம் தீரும்.

சகோதரிக்கு விடை

இனி, மடலெழுதிய சகோதரியின் கணக்கைப் பார்ப்போம். குடியிருப்பு அனுமதியுடன் நால்வர் செல்வதாயின், தலைக்கு 400 ரியால் என்ற அளவில் மாதம் 1,600 ரியால் கட்டணத்திற்கே போகும். 4,500இல் மீதி 2,900. வாடகை 1,200 என்றும், ஊரிலுள்ள பெற்றோருக்கு 500 என்றும் வைத்துக்கொண்டால் எஞ்சுவது 1,200 ரியால். ஐந்து பேரின் உணவு, பள்ளிக் கட்டணம், பேருந்து, மருத்துவம் யாவும் இதற்குள் முடிய வேண்டும். மீளும் பைக்கு ஒரு ரியாலும் மிஞ்சாது. ஆகவே பதினொரு மாதத் திட்டத்தை இச்சம்பளம் தாங்காது என்பதே என் கருத்து.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். காலத்தைச் சுருக்குங்கள். பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வருகை விசாவில் புறப்பட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் திரும்பிவிடுங்கள். படிப்பு கெடாது, மாற்றுச் சான்றிதழ் வாங்கி, மறுபடி இடம் தேடும் அலைச்சலும் இல்லை. வளைகுடாவிலுள்ள இந்தியப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருவதால், ஊர் திரும்பும் கூட்டம் பெருகிச் சீட்டின் விலை ஏறுமுன் நீங்கள் வீடு வந்திருப்பீர்கள். ஆண்டு முழுவதற்கும் வாடகை கட்டாமல், குறுகிய காலத்திற்கு அறை கிடைக்குமா என்று கணவர் முன்கூட்டியே விசாரிக்கட்டும். விசாவுக்குரிய கட்டணங்களும் விதிகளும் மாறுவன. புறப்படும் சமயத்தில் உள்ளவற்றை அவரே உரிய அலுவலகத்தில் கேட்டு எழுதி அனுப்பட்டும். பயண முகவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

நகையைப் பற்றிக் கேட்டீர்கள். மஹராகப் பெற்றதும், தாய்வீட்டார் உங்களுக்கு அளித்ததும் உங்கள் உடைமை. கணவருக்கோ அவர் வீட்டாருக்கோ அதன்மீது உரிமை இல்லை. நீங்கள் மனமுவந்து தந்தால் தரலாம். கடனாகத் தருவதாயின் எத்தனை சவரன், எந்நாள், எப்போது திரும்பும் என்று எழுதி, சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். எழுதி வைக்கச் சொன்ன மறைவசனம் கணவன் மனைவியைத் தனியே விலக்கவில்லையே! அடகுக் கடைக்குப் போனாலோ வட்டி வந்து சேரும். பாவமும் சேரும், சுமையும் சேரும். ஆறு மாதம் பொறுத்து, சீட்டுக்குரிய பணத்தைச் சேர்த்த பின் புறப்படுவது மேல். அவசரம் என்று உண்மையாகவே இருந்தால், உறவினரிடமோ ஜமாஅத்தின் பைத்துல்மாலிலோ வட்டியில்லாக் கடன் கிடைக்குமா என்று பாருங்கள்.

வரப்போகும் வருவாயை நம்பிக் கடன்படுவது பயணிகளின் பழைய நோய். 1325 ஆம் ஆண்டு தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு, நம் தமிழகத்தில் மதுரைச் சுல்தானிடமும் விருந்தினராக இருந்த இப்னு பதூதா, தில்லியில் இருக்கையில் 55,000 தினார் கடன்பட்டுத் திண்டாடினார். சுல்தானுக்குக் காணிக்கை வாங்க வணிகர்கள் புதிதாய் வருவோருக்குக் கடன் கொடுப்பது அந்நாளைய வழக்கம். பரிசு கிடைத்ததும் தீர்த்துவிடலாம் என்பது கணக்கு. இறுதியில் முகம்மது பின் துக்ளக் அக்கடனைத் தீர்த்து வைத்தார். நமக்காகக் கடனைத் தீர்க்க எந்தச் சுல்தானும் காத்திருக்கவில்லை.

ஊராருக்கும் ஒரு வார்த்தை

செலவைப் பெருக்குவதில் பயணிகளைவிட நமக்குப் பங்கு அதிகம். வெளிநாட்டிலிருந்து ஒரு குடும்பம் திரும்புகிறது என்றால், அத்தர், போர்வை, சோப்பு, பேரீச்சம்பழம் என்று எதிர்பார்ப்போர் எத்தனை பேர்! ‘எனக்கு என்ன கொண்டு வந்தாய்?’ என்னும் கேள்விக்கு அஞ்சி, மீளும் பையையே கரைத்துவிட்டு வருவோர் உண்டு. அனுமதித்த எடைக்கு மேல் சுமை கொண்டுவந்து விமான நிலையத்தில் அபராதம் போலப் பணம் கட்டுவோரும் உண்டு. புறப்படுமுன்னரே அன்பளிப்புக்கு ஒரு தொகையை வரையறுத்துக்கொள்வது பயணியின் கடமை. திரும்பி வந்தவரின் கைப்பையைப் பாராமல், அவர் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பது நம் கடமை.

பயணம் போக எண்ணியுள்ள இல்லத்தரசிகளே! ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதற்பக்கத்தில் மீளும் பையின் தொகையை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் ஊரில் விட்டுச் செல்வோரின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் வேண்டியதையும் எழுதுங்கள். இவ்விரு பக்கங்களும் நிரம்பிய பின்னரே மூன்றாம் பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே சென்றபின் வெள்ளிக்கிழமைதோறும், ஜும்ஆ தொழுது வந்த கணவருடன் அரைமணி நேரம் அமர்ந்து அவ்வாரக் கணக்கைச் சரி பாருங்கள். பிள்ளைகளில் மூத்தவர் கூட்டல் போடட்டும். பணத்தின் அருமை அவர்களுக்கும் தெரியட்டும்.

அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்குவானாக! நாம் விட்டுச் செல்வோரைப் பாதுகாத்து, நலமுடன் அவர்களிடம் மீளச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.